பழைய மெய்நிகராக்க முறைகளை லினக்ஸ் கெர்னல் தொடர்ந்து சுமக்க வேண்டுமா?

பழைய_ரேக் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் சிறு நிறுவனத்தில் 2010-இல் வாங்கிய ஒரு சர்வரில் ஒரே கணினியில் பல மெய்நிகர்ப் பொறிகளை ஓட்டும் மென்பொருளான ஜென் ஹைப்பர்வைசர் ஓடுகிறது. அதன்மேல் நான்கு கெஸ்ட்கள், அதாவது மெய்நிகர்ப் பொறிகள், உள்ளன. நான்கும் தொடக்கத்திலிருந்தே, கெஸ்ட்டே ஹைப்பர்வைசரோடு ஒத்துழைக்கும் பாராவிர்ச்சுவல் முறையில், அதாவது பி.வி. முறையில், அமைந்தவை. ஹைப்பர்வைசரை இடையிடையே புதுப்பித்து இப்போது 4.14 பதிப்பில் இருக்கிறோம். மூன்று கெஸ்ட்கள் 64-பிட். சரக்கு இருப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒன்று மட்டும் 32-பிட்.

சென்ற வாரம் அந்த 32-பிட் கெஸ்ட்டின் கெர்னலை (இயக்குதளத்தின் கருவை) 4.19-இலிருந்து 5.10-க்கு உயர்த்தினேன். அதன்பின் அது எழவே இல்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கிவிட்டது. தேடிப் பார்த்தபோதுதான், 2020 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.9-இலேயே 32-பிட் பி.வி. கெஸ்ட்டுக்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள் என்பது தெரிந்தது.

என் கேள்வி இதை எப்படிச் சரிசெய்வது என்பது மட்டுமன்று. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதை லினக்ஸ் உலகில் ஏறத்தாழ வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன் தொகுத்த நிரல்கூட இன்றைய கெர்னலில் ஓடும் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பத்தாண்டுகளாக ஒழுங்காக ஓடிய ஒரு கெஸ்ட்டை, பழைய மெய்நிகராக்க முறையில் அமைந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடலாம் என்றால், அந்த நெறி எங்கே போயிற்று? ஏற்கெனவே எழுதி, சோதித்து, ஓடிக்கொண்டிருந்த நிரல்வரிகளை அப்படியே விட்டுவைப்பதில் யாருக்கு என்ன நட்டம்?


வளையம்_சுழி எழுதியது:

நெறியைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சுலபமானது. கெர்னலுக்கு மேலே ஓடும் நிரல்களுக்குத்தான் அந்த வாக்குறுதி. ஹைப்பர்வைசரோ கெர்னலுக்குக் கீழே இருக்கிறது. கெர்னலின் பார்வையில் அது ஒரு வன்பொருள். வன்பொருளுக்கான ஆதரவை லினக்ஸ் அவ்வப்போது நீக்கித்தான் வந்திருக்கிறது. லினக்ஸ் பிறந்ததே 386 செயலியில்தான். அந்த 386-க்கான ஆதரவையே 2013-இல் வந்த 3.8 பதிப்பில் எடுத்தார்கள். தமக்கு அதில் உணர்ச்சிப் பிணைப்பு ஏதுமில்லை என்று எழுதிவிட்டே லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்.

“விட்டுவைப்பதில் என்ன நட்டம்” என்று கேட்டீர்களே, அதற்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. இந்த முறை ஏன் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு செயலியைச் சிக்கலின்றி மெய்நிகராக்க வேண்டுமானால் அதன் கட்டளைகள் எப்படி இருக்க வேண்டும் என்று போபெக், கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1974-இலேயே வரையறுத்துவிட்டார்கள். எக்ஸ்86 அந்த வரையறைக்குள் அடங்கவில்லை. பென்டியத்தில் அப்படி அடங்காத கட்டளைகள் 17 இருந்ததாக 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பாப்எஃப் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமை குறைந்த நிலையில் இயங்கும் கெர்னல் அதைக்கொண்டு குறுக்கீடுகளை அணைக்க முயன்றால், செயலி பிழை எழுப்ப வேண்டும். எழுப்பினால் ஹைப்பர்வைசர் தலையிட்டு வேண்டியதைச் செய்துவிடும். எக்ஸ்86 பிழையும் எழுப்பாது, குறுக்கீடுகளையும் அணைக்காது. ஒன்றுமே நடக்காதது போலக் கடந்துவிடும். இதைச் சமாளிக்க விஎம்வேர் ஒரு வழியைக் கண்டது: கெஸ்ட்டின் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதுவது. கேம்பிரிட்ஜில் உருவாகி 2003-இல் வெளியான ஜென் வேறொரு வழியைத் தேர்ந்தது: கெஸ்ட் கெர்னலின் மூலநிரலையே திருத்தி, தான் மெய்நிகர்ப் பொறியில் ஓடுவதை அதற்குத் தெரியப்படுத்திவிடுவது. அன்று அது மிகச் சிறந்த பொறியியல். அமேசானின் ஈசி2 2006-இல் தொடங்கியதும் அதன்மேல்தான்.

2005 இறுதியில், செயலியிலேயே மெய்நிகராக்க வசதியைத் தரும் இன்டெல் வி.டி.-எக்ஸும், மறு ஆண்டு ஏ.எம்.டி.-வியும் வந்தன. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் நினைவக முகவரிகளை மாற்றித்தரும் பக்க அட்டவணைகளையும் வன்பொருளே இரண்டடுக்காகக் கையாளத் தொடங்கியது. பி.வி. பிறந்ததற்கான காரணம் அத்துடன் மறைந்தது. அதன் விலை மட்டும் மறையவில்லை.

செயலியின் உரிமை நிலைகளை ரிங் என்பார்கள்; 0 மிக உயர்ந்தது, 3 மிகத் தாழ்ந்தது. 32-பிட்டில் ஹைப்பர்வைசர் ரிங் 0-இலும், கெஸ்ட் கெர்னல் ரிங் 1-இலும், நிரல்கள் ரிங் 3-இலும் இருந்தன. செக்மென்ட் எல்லைகள் ஹைப்பர்வைசரின் நினைவகத்தைக் காத்தன. 64-பிட் முறையில் அந்த எல்லைகளையே எடுத்துவிட்டார்கள். பக்க அட்டவணையோ ரிங் 0, 1, 2 மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறது. எனவே 64-பிட் பி.வி.யில் கெஸ்ட் கெர்னலையும் அதன் நிரல்களோடு சேர்த்து ரிங் 3-க்கே இறக்கவேண்டி வந்தது; கெஸ்ட்டுக்குள் நடக்கும் ஒவ்வொரு சிஸ்டம் காலும் (நிரல் கெர்னலிடம் விடுக்கும் வேண்டுகோள்) ஹைப்பர்வைசர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வேகத்துக்காகப் பிறந்த முறை வேகத்தை அங்கேயே இழந்தது.

பாதுகாப்பைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பி.வி. முறையில் கெஸ்ட் தன் பக்க அட்டவணையைத் தானே எழுதித் தருகிறது. அதன் ஒவ்வொரு பதிவையும் ஹைப்பர்வைசர் மென்பொருளாலேயே சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பில் ஓரிடத்தில் பெரிய பக்கங்களைத் தவறவிட்டதுதான் 2015 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்.எஸ்.ஏ-148 என்ற ஜென் பாதுகாப்புக் குறை. கெஸ்ட்டிலிருந்து முழுக் கணினியையும் கைப்பற்ற இடம்தந்த அந்தக் குறை ஏறத்தாழ ஏழாண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. பாதுகாப்பையே உயிர்நாடியாகக் கொண்ட கியூப்ஸ் இயக்குதளம் 2018 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் தன் கெஸ்ட்களைப் பி.வி.யிலிருந்து வெளியே கொண்டுபோனதற்கு இப்படிப்பட்ட குறைகளே காரணம். அதே ஆண்டு ஜனவரியில் வந்த மெல்ட்டவுன் என்ற செயலிக் குறையிலும், ஜென் கெஸ்ட்களில் ஹைப்பர்வைசரின் நினைவகத்தைப் படிக்க வழி பெற்றவை 64-பிட் பி.வி. கெஸ்ட்கள்தாம்.

அப்போது உங்களுடைய 32-பிட் கெஸ்ட் தப்பியது உண்மை. ஆனால் 2021-இல் வந்த எக்ஸ்.எஸ்.ஏ-370-ஐ நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ரிங் 1-ஐ இன்று வேறு எவரும் பயன்படுத்துவதில்லை. எனவே, செயலி முன்கூட்டியே ஊகித்துக் கட்டளைகளை ஓட்டுவதைச் சுரண்டும் ஊகச் செயலாக்கத் தாக்குதல்களுக்கு எதிரான தடுப்புகளை அந்த நிலைக்கும் பொருந்துமாறு அமைப்பதில் செயலி நிறுவனங்களுக்கு அக்கறை இல்லை. அதனால், 32-பிட் பி.வி. கெஸ்ட்களை நேரடியாக ஓட்டுவோருக்கு இவ்வகைத் தாக்குதல்களில் பாதுகாப்பு உறுதி தர இயலாது என்று ஜென் குழுவே அறிவித்துவிட்டது. “ஒழுங்காக ஓடுகிறது” என்று நீங்கள் சொல்லும் அந்த கெஸ்ட்டின் உண்மை நிலை இதுதான்.

இனி கெர்னலுக்குள் ஆகும் செலவு. பி.வி.க்காகப் பக்க அட்டவணைப் பதிவை மாற்றுவது, குறுக்கீட்டை அணைப்பது போன்ற அடிப்படைச் செயல்கள் எல்லாம் ஒரு மாற்றுத் தளத்தின் வழியாகச் செல்கின்றன. தொடங்கும்போதே கெர்னல் தன்னைத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்வதால், நேரடி வன்பொருளில் ஓடும்போது கால இழப்பு மிகக் குறைவு. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. சிஸ்டம் கால் நுழைவாயில் நிரலைத் தொடும் எவரும், “ஜென் பி.வி.யில் இது எப்படி?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும், அங்கே குறுக்கீட்டிலிருந்து திரும்பும் ஐரெட் கட்டளைக்கே, ஹைப்பர்வைசரை அழைக்கும் ஹைப்பர்காலைப் பயன்படுத்துகிறார்கள். 2018 இறுதியில் வந்த 4.20 பதிப்பில், ஜென் பி.வி.க்கு மட்டுமே தேவைப்படும் கொக்கிகளைத் தனியே பிரித்து, அவற்றின் கட்டமைப்புக்குப் “பாராவிர்ட் எக்ஸ்எக்ஸ்எல்” என்று சட்டை அளவில் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே புகார் தெரிகிறது.

பாராவிர்ச்சுவல் என்ற சொல்லையே இங்கே குற்றவாளி ஆக்கவில்லை. மெய்நிகர்ச் சாதனங்களுக்கான விர்ட்டியோ, லினக்ஸுக்குள்ளேயே அமைந்த ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் கடிகாரம் போன்றவையும் பாராவிர்ச்சுவல் வகைதான். அவற்றை நீக்கச் சொல்வார் யாருமில்லை. சாதனங்களுக்கும் நேரத்துக்கும் கெஸ்ட்டின் ஒத்துழைப்பைப் பெறுவது ஒரு மூலையில் நடக்கிற வேலை. செயலியையும் நினைவகத்தையும் அந்த வகையில் கையாள்வதுதான் கெர்னலின் நடுக்கூடத்தை அடைத்துக்கொள்கிறது.


மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

மேலே நண்பர் எழுதியதில் தகவல் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால், வன்பொருள் வந்ததால் காரணம் மறைந்தது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. வன்பொருள் வசதி செயலியில் இருக்கிறதா என்பது ஒன்று. அது உங்கள் கைக்கு எட்டுகிறதா என்பது வேறு.

மேகத்தில் ஒரு மெய்நிகர்ப் பொறியை வாடகைக்கு எடுத்து, அதற்குள் மேலும் சில மெய்நிகர்ப் பொறிகளை ஓட்ட நினைப்பவரை எண்ணிப் பாருங்கள். உள்மெய்நிகராக்கத்தை வழங்குநர் திறந்துவிடாத வரை, அவருக்கு வி.டி.-எக்ஸ் இருந்தும் இல்லாததே. பி.வி. முறைக்கு அந்த வசதி தேவையில்லை. ஒரு ஹைப்பர்வைசர் அந்த வாடகைப் பொறிக்குள்ளேயே ஓடும். இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதன்று. 2024 பிப்ரவரியில் கேவிஎம் மின்னஞ்சல் பட்டியலுக்கு ஆன்ட் குழுமத்திலிருந்து பி.வி.எம். என்ற ஒட்டுத்தொகுதி வந்தது. வன்பொருள் துணையின்றி, கெஸ்ட் கெர்னலை ரிங் 3-இல் வைத்து, மென்பொருளாலேயே பக்க அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை அது. முந்தைய ஆண்டு எஸ்.ஓ.எஸ்.பி. என்ற இயக்குதள ஆய்வு மாநாட்டில் அதற்கான கட்டுரையும் வந்திருந்தது. ஒருபுறம் பழையது என்று கழிக்கிறோம். மறுபுறம் அதே யோசனை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது.

யூசர் மோட் லினக்ஸையும் நினைத்துப் பாருங்கள். கெர்னலையே ஒரு சாதாரண நிரலாக ஓட்டும் அந்த முறை 2002-இலேயே மூலமரத்துக்குள் வந்துவிட்டது. கேவிஎம் வந்த பிறகு அதைச் சீண்டுவார் இல்லை என்றுதான் பலரும் நினைத்தோம். 5.5 பதிப்பில் கேயூனிட் சோதனைச் சட்டகம் வந்ததும், கெர்னல் சோதனைகளைச் சில நொடிகளில் ஓட்டிப் பார்க்க அதுவே வசதியான களமாகிவிட்டது. அதற்கு முன் யாராவது துடைப்பத்தை எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே வயதைப் பார்த்து நீக்குவது தவறு. பராமரிக்க ஆள் இருக்கிறாரா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.


வளையம்_சுழி எழுதியது:

பி.வி.எம். எடுத்துக்காட்டு நல்லது, அதை நான் மறந்திருக்கக் கூடாது. ஆனால் அதுவே என் பக்கமும் பேசுகிறது. பழைய ஜென் பி.வி. இடைமுகத்தை மீண்டும் எடுக்காமல், இன்றைய செயலிக்கேற்பப் புதிதாக எழுதியல்லவா கொண்டுவந்தார்கள்? பழைய யோசனை வாழ்வதற்குப் பழைய இடைமுகம் வாழ வேண்டும் என்பதில்லை.

பராமரிக்க ஆள் இருந்தால் போதும் என்பதையும் நான் முழுதாக ஒப்பமாட்டேன். யூசர் மோட் லினக்ஸ் தனக்கென்று ஒரு கட்டடக்கலை அடைவில், பிறர் வழியில் குறுக்கிடாமல் இருக்கிறது. அதன் பராமரிப்பாளரின் உழைப்பு அதற்குப் போதும். ஜென் பி.வி.க்கும் ஆள் இருக்கிறார்கள், திறமையானவர்கள். ஆனால் அது எக்ஸ்86-இன் நுழைவாயிலிலேயே அமர்ந்திருப்பதால், அதனோடு தொடர்பே இல்லாத பத்துப் பேரும் அதற்கு உழைக்க வேண்டியிருக்கிறது.


பேட்ச்_வாசகர் எழுதியது:

இதற்கு முன்னுதாரணங்கள் இருப்பதால் அவற்றையும் பார்த்துவிடலாம்.

விஎம்வேர் தன் சொந்தப் பாராவிர்ச்சுவல் இடைமுகமான வி.எம்.ஐ.யை 2007-இல் 2.6.21 பதிப்பில் சேர்த்தது. வன்பொருள் துணையே அதைவிட வேகமாக ஓடத் தொடங்கியதும், இரண்டே ஆண்டில் தானே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2011 ஜனவரியில் வந்த 2.6.37-இல் நிரல்வரிகள் போயின. சேர்த்தவரே எடுத்ததால் சண்டை இல்லை. ரஸ்டி ரஸல் எழுதிய எல்கெஸ்ட் 2007 முதல் பத்தாண்டு இருந்து, 2017 நவம்பரின் 4.14-இல் விடைபெற்றது. 32-பிட்டுக்கு மட்டுமே ஆன அந்தச் சிறு ஹைப்பர்வைசரை உற்பத்திப் பணிக்கு எவரும் நம்பியிருக்கவில்லை. ஆனால் இன்று எல்லாரும் பயன்படுத்தும் விர்ட்டியோ அதனோடு சேர்ந்துதான் வளர்ந்தது. அதன் விளக்கக் குறிப்புகளைப் போல நகைச்சுவையோடு எழுதிய கெர்னல் ஆவணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதற்காகவாவது வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு. ஏ.ஆர்.எம். 32-பிட் ஹோஸ்ட்டுக்கான கேவிஎம் ஆதரவும் 2020-இல் 5.7 பதிப்பில் போயிற்று.

இனி, கேள்வி கேட்டவரின் 32-பிட் பி.வி. அதை நீக்கியவர்கள் வெளியாட்கள் அல்லர், ஜென் பராமரிப்பாளர்களே. அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தால் மூன்று மாற்று வழிகளும் அதிலேயே கிடைக்கின்றன. ஹைப்பர்வைசருக்கே 2013 முதல் 64-பிட் பொறி வேண்டும். எனவே புதிய கெஸ்ட்கள் முழு மெய்நிகராக்கமான எச்.வி.எம். முறையிலோ, வன்பொருள் துணையோடு பி.வி. எளிமையும் கலந்த பி.வி.எச். முறையிலோ ஓடலாம், அல்லது 64-பிட் கெர்னலைப் பயன்படுத்தலாம்.

இந்த மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கணக்கு மென்பொருள் 32-பிட்டாகவே இருக்கட்டும். அதன் நூலகங்களும் அப்படியே இருக்கட்டும். கெர்னல் பொதியை மட்டும் 64-பிட்டாக நிறுவுங்கள். 64-பிட் பி.வி. கெஸ்ட் ஆதரவு லினக்ஸில் இன்றும் இருக்கிறது. பயனர் நிரல்களுக்கான அந்த வாக்குறுதி இங்கேதான் உதவிக்கு வருகிறது: 32-பிட் நிரல்களை 64-பிட் கெர்னல் ஒரு முணுமுணுப்புமின்றி ஏற்கும். நீங்கள் 5.10-க்கு ஏறியது போலவும் ஆகும், தரவுத்தளத்தைத் தொடாதது போலவும் ஆகும்.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 64-பிட் பி.வி.யின் பலவீனத்தை மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். கெஸ்ட்டின் அமைப்புக் கோப்பில் வகையைப் பி.வி.எச். என்று மாற்றிப் பாருங்கள். வட்டும் பிணையமும் அதே ஜென் இயக்கிகள் வழியாகவே செல்வதால் வட்டின் பெயர்கூட மாறாது. இதற்குச் செயலியில் வன்பொருள் துணை வேண்டும். 2010-இன் சர்வர் என்றால் பெரும்பாலும் இருக்கும். பயோசில் (கணினியின் தொடக்க அமைப்பில்) அது அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கெர்னலைத் தொடவே முடியாத கெஸ்ட் யாரிடமாவது இருந்தால் அதற்கும் வழி உண்டு. மெல்ட்டவுன் காலத்தில் ஜென் குழு ஷிம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பி.வி. கெஸ்ட்டைச் சுற்றி ஒரு சின்ன ஜென்னை வைத்து, அந்தப் பொட்டலத்தையே பி.வி.எச். கெஸ்ட்டாக ஓட்டிவிடுவார்கள், உள்ளே இருப்பதற்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. 2023 ஏப்ரலில் வந்த க்யூஈமு என்ற மெய்நிகராக்க மென்பொருளின் 8.0 பதிப்பிலிருந்து, ஜென்னே இல்லாமல் கேவிஎம் மேல் ஜென் கெஸ்ட்களை ஓட்டவும் முடிகிறது. பழைய முறையை எங்கே காப்பாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு என் விடையும் இதுதான்: அது வேண்டுபவர் மட்டும் சுமக்கும்படியாக, இப்படி வெளியே வைத்துக் காப்பாற்ற வேண்டும், எல்லாருடைய கெர்னலின் நடுவிலும் வைத்தன்று.


மூன்றாம்_ஷிஃப்ட் எழுதியது:

ஷிம் இருக்கிறது என்பதற்காக 64-பிட் பி.வி.யையும் நாளையே எடுத்துவிடலாம் என்று யாரும் கிளம்பாதிருந்தால் சரி. ஷிம்முக்கும் வன்பொருள் துணை வேண்டும். நான் சொன்ன வாடகைப் பொறிக்காரருக்கு அது உதவாது. ஹோஸ்ட்டை ஆளும் முதல் டொமைனைப் பலரும் இன்னும் பி.வி.யாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.


பழைய_ரேக் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை இரவு அலுவலகத்தில் அமர்ந்து செய்து பார்த்தேன், நடந்ததை எழுதுகிறேன்.

தரவுத்தளத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, 64-பிட் கெர்னல் பொதியை மட்டும் நிறுவினேன். கெஸ்ட் முதல் முயற்சியிலேயே எழுந்தது. கணக்கு மென்பொருளுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்து பி.வி.எச்.க்கு மாற்றியபோது, வன்பொருள் துணை இல்லை என்று ஹைப்பர்வைசர் மறுத்துவிட்டது. செயலியில் அது இருப்பது எனக்குத் தெரியும். மானிட்டரையும் விசைப்பலகையையும் தூக்கிக்கொண்டு ரேக்குக்குப் போய்ப் பயோசைத் திறந்து பார்த்தால், பேட்ச்_வாசகர் ஐயப்பட்டதுதான்: வாங்கிய நாளிலிருந்தே அது அணைந்து கிடந்திருக்கிறது. பி.வி.க்கு அது தேவைப்படாததால் இத்தனை ஆண்டும் யாரும் பார்க்கவில்லை. இயக்கியதும் நான்கு கெஸ்ட்களும் பி.வி.எச்.இல் ஓடுகின்றன.

ஒன்று மட்டும் உடைந்தது. இரவு நேரக் காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட், யூநேம் கட்டளையால் கணினியின் வகையைப் பார்த்து, 64-பிட் என்று கண்டதும் இல்லாத ஓர் அடைவிலிருந்து நிரலைத் தேடியது. அதை லினக்ஸ்32 கட்டளையின் கீழ் ஓட்டியதும் பழையபடி 32-பிட் என்றே நம்பிக்கொண்டு வேலையை முடித்துவிட்டது. அந்த ஸ்கிரிப்டை 2011-இல் எழுதியவன் நான்தான்.

மூன்றாம்_ஷிஃப்ட் கடைசியில் சொன்னது இங்கும் பொருந்துகிறது: முதல் டொமைன் இன்னும் பி.வி.யிலேயே இருக்கிறது. அதை இந்தப் பழைய சர்வரில் மாற்றி அனுபவப்பட்டவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை காலியாகத்தான் இருக்கிறேன்.